கிண்ணியாவின் முதல் நம்பர்

தம்பி,

உன்னோடு சண்டை பிடிக்கத்தான் இந்தக் கடிதம். போனில் பிடித்தால் இரண்டு நிமிடத்தில் "சரி அம்மா, சரி அம்மா" என்று சொல்லி வெட்டிவிடுவாய். கடிதத்தை அப்படி வெட்ட ஏலாது. நேற்று நீ கட்டப்போகிற கௌசிகாவின் தாய் போன் எடுத்திருந்தார். மண்டபம், சமையல், கூறைச்சேலை என்று எல்லாவற்றையும் கதைத்து முடித்துவிட்டு, "நீங்கள் முந்தி ரெலிபோன் ஒபிஸில ஒப்பரேட்டரா இருந்தனீங்களாம், தம்பி சொன்னவர்" என்றார். ஒப்பரேட்டரா! அந்த வேலையை நான் குறைவாகச் சொல்லவில்லை. அதற்கு இனிமையான குரலும் பொறுமையும் வேண்டும், எனக்கு இரண்டும் கிடையாது என்பது உனக்கே தெரியும். நான் இந்தத் திருகோணமலை எக்ஸ்சேஞ்சில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தவள். கொழும்பில் படித்துச் சோதனை எழுதிப் பாஸ் பண்ணி, பிறந்த ஊருக்கே திரும்பி வந்து, சண்டைக்காலம் முழுவதும் இந்தப் பட்டினத்து ரெலிபோன்களை உயிரோடு வைத்திருந்தவர்களில் ஒருத்தி. பெற்ற பிள்ளைக்கே தாய் என்ன வேலை செய்தாள் என்று தெரியாவிட்டால் அதை எங்கே போய்ச் சொல்லி அழுவது?

அதைக்கூட மன்னித்துவிடுவேன். மன்னிக்க மனம் வராதது போன கிழமை நீ சொன்ன கதை. "கௌசி வேலைக் கதை தொடங்கினா நிப்பாட்டமாட்டா அம்மா. குளோரின், கலங்கல், போத்தில் எண்டு போய்க்கொண்டே இருக்கும். நான் 'ம்' போட்டுப்போட்டு மற்றப் பக்கம் கிரிக்கெட் பாப்பன்" என்று சொல்லிச் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை, கவனித்தாயோ தெரியாது. அந்தப் பிள்ளை கந்தளாயில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறாள். ஒரு ஊர் குடிக்கிற தண்ணீர் அவள் கையில் இருக்கிறது. அதை அவள் உன்னிடம் சொல்லாமல் சுவருக்கா சொல்வாள்? உன் அப்பாவும் உன்னைப் போல 'ம்' போட்டுவிட்டு இருந்திருந்தால், எங்கள் மூன்று பேருடைய கதையும் வேறு மாதிரி முடிந்திருக்கக்கூடும். உனக்கு அப்போது நாலு வயது. நீ அழுததை மட்டும் வீட்டில் எல்லோரும் சொல்லிச் சிரிப்போம், முழுக்கதையையும் யாரும் உனக்கு ஒழுங்காகச் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்கிறேன், இருந்து வாசி.

சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் முடிந்து, சண்டை மறுபடி தொடங்கப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் வாய்விட்டுச் சொல்லாத நாட்கள் அவை. குடாவுக்கு அந்தப் பக்கம் கிண்ணியாவில் புதிதாக ஒரு ரவர், உயரமான இரும்புக் கோபுரம், கட்டியிருந்தார்கள். கம்பி இல்லாமல் ரேடியோவில் இயங்கும் வீட்டுப் போன்களுக்கான ரவர். பழைய கேபிள் எப்போதோ அறுந்து, திருத்தி, திரும்பவும் அறுந்து, கடைசியில் எல்லோரும் கைவிட்டது. ரவரும் வந்தது, போன்களும் வந்தன, ஆனால் கிண்ணியாவுக்குள் ஒருவரோடு ஒருவர் கதைக்கத்தான் முடிந்தது. வெளியே கதைக்க வேண்டுமென்றால் அந்தப் புது ரவரும் எங்கள் பழைய எக்ஸ்சேஞ்சும் ஒன்றையொன்று விளங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு நடுவில் நின்று பேச்சை மாற்றிக் கொடுக்கிற பெட்டிக்குப் பெயர் கேற்வே. அந்தப் பெட்டி எங்கள் ஒபிசுக்கு வந்து இறங்கியது. அதை அமைத்து இயங்கவைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. காலையில் புட்டு அவிக்கும்போதும் கேற்வே, இரவில் உனக்குச் சோறு தீத்தும்போதும் கேற்வே. உன் அப்பா தமிழ் வாத்தியார். இலக்கணத்தில் புலி, பல்ப் மாற்றக் கதிரையில் ஏறச்சொன்னால் வியர்க்கும். அவரை முன்னால் இருத்திவைத்து, "சமிக்ஞை ஒரு லைனில போகும், குரல் வேற லைனில போகும், விளங்குதோ?" என்று பாடம் எடுப்பேன். "ஓம், சொல்லும்" என்பார். "கிண்ணியாவின்ர முதல் நம்பரைத் துறையடிக் கொமினிகேசனுக்குக் குடுத்திருக்கு. எல்லாம் பொருத்தி முடிஞ்சதும், முதல் கோல் நான் தான் எடுப்பன், அந்த நம்பருக்குத் தான் எடுப்பன்" என்று அந்த நம்பரையும் தினமும் சொல்வேன். கொமினிகேசன் என்றால் சனம் காசு கொடுத்துப் போன் கதைக்கிற கடை, தோணித்துறைப் பக்கம் இருந்த அது தேத்தண்ணிக் கடையும்தான். பரிசு கிடைத்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன், இப்போது நினைக்க வெட்கமாகவும் இருக்கிறது. அவர் ஒருநாளும் "இதை நேற்றும் சொன்னனீர்" என்று சொன்னதில்லை.

அந்த நேரத்தில்தான் வெருகல் கோயில் திருவிழா வந்தது. அப்பாவின் தமக்கை, உன் பெரிய மாமியின் வீடு அந்தப் பக்கம். மூன்று பேரும் போவதாக இருந்தது, பெட்டி வந்துவிட்டதால் என்னால் போக முடியவில்லை. அப்பா உன்னைக் கூட்டிக்கொண்டு போனார். புதுச் சட்டை போட்டுக்கொண்டு நீ தோணியில் இருந்து கை காட்டியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. திருவிழா முடியவும் சண்டை தொடங்கவும் சரியாக இருந்தது. தோணி நின்றது, றோட்டைப் பூட்டினார்கள், மொபைல்களும் செத்துப்போயின. குடாவுக்கு அந்தப் பக்கம் இருந்து இரவு பகலாகச் செல் குண்டுகள் விழும் சத்தம் கேட்கும். எங்கள் சமையலறை அலுமாரிக் கண்ணாடி நடுங்கும். சனம் எல்லாத் திசைக்கும் ஓடுகிறது என்று கதை வரும், யார் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. உன் பெரிய மாமி வீடு இருந்த பக்கம் ஒன்றுமே மிஞ்சவில்லை என்று ஒரு கதை, இல்லை எல்லோரும் தப்பிவிட்டார்கள் என்று இன்னொரு கதை. நீயும் அப்பாவும் இருக்கிறீர்களா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. அவ்வளவுதான், அதற்குமேல் எழுதத் தெரியவில்லை.

வீட்டில் தனியாக இருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும். ஒபிசுக்குப் போனேன். ஒபிஸ் வாசலில் சனம் நிறைந்திருந்தது. சென்றியில் காவல் நின்ற ஆமிப் பொடியன் விரட்டுவான், அவர்கள் வீதிக்கு அந்தப் பக்கம் போய் இந்தப் பட்டினத்து வீதிகளில் திரிகிற மான்களோடு மான்களாக மதில் நிழலில் நிற்பார்கள், பிறகு திரும்பி வருவார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி: கிண்ணியாவுக்கு லைன் வந்துவிட்டதா? ஏனென்றால் அந்தப் பக்கத்துச் சனத்தில் ஒரு பகுதி கிண்ணியாவுக்குத்தான் ஓடி வந்திருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். கொழும்பில் இருந்து வரவேண்டிய என்ஜினியர் றோட்டால் வர ஏலாமல் நின்றுவிட்டார். என்னோடு இருந்தவர் சிவபாலன் அண்ணை மட்டும்தான், எனக்கு மூத்த உத்தியோகத்தர். வாய் நிறைய வெற்றிலை, வார்த்தைக்கு ஒரு பகிடி. அந்த நாட்களில் அவரும் பகிடி விடவில்லை. "நீ செய், தங்கச்சி. நான் பற்றரியையும் டீசலையும் பாத்துக்கொள்ளுறன்" என்றார்.

இப்போது நீ ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும், பெரிய வித்தை இல்லை, உன் கலியாணப் பேச்சை நினைத்துக்கொள். தரகர் ஒருவர், மாப்பிள்ளை பொம்பிளை வேறு பேர் அல்லவா? சமிக்ஞை என்பது தரகர். அது தனக்கென்று ஒரு லைனில் ஓடும். "எங்கட பக்கத்தில ஒருத்தருக்கு உங்கட பக்கத்து இன்னாரோட கதைக்க வேணும், பத்தாவது லைனில விடுறம்" என்று சொல்லும். அந்தப் பக்கத்துத் தரகர் "ஓம், மணி அடிக்குது, ஓம், தூக்கிட்டினம்" என்று பதில் சொல்வார். பிறகு இரண்டு குரல்களும் பத்தாவது லைனில் சந்திக்கும். தரகர்மார் இருவரும் ஒத்துப்போகிறார்களா என்று பார்ப்பதுதான் என் வேலையில் பாதி. அதை ஒழுங்காகச் செய்து முடித்தேன். கேற்வேயில் எல்லா விளக்கும் பச்சை. இரண்டு பக்கமும் ஒன்றையொன்று அடையாளம் கண்டு, நன்றாக இருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டன. சிவபாலன் அண்ணை வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நின்றார்.

முதல் நம்பரை அழுத்தினேன். சொல்லிவைத்தபடி அந்த நம்பர்தான், வேறு எதற்கு எடுப்பேன்? மணி அடித்தது. ஒரு மணி முழுதாக அடித்து முடிய முன்னமே அங்கே யாரோ தூக்கினார்கள், தூக்கியதைப் பெட்டி காட்டியது. "ஹலோ" என்றேன். சத்தமே இல்லை. இரைச்சல்கூட இல்லை, கிணற்றுக்குள் காதை வைத்த மாதிரி. வைத்துவிட்டுத் திரும்ப எடுத்தேன். திரும்பவும் முதல் மணியிலேயே தூக்கினார்கள், திரும்பவும் ஒன்றுமில்லை. மூன்றாம் முறையும் அப்படியே. கடைக்காரர் என்றால் கிளாசைக் கழுவிவிட்டு, ஈரக்கையைத் துடைத்துவிட்டு ஆறுதலாகத்தான் தூக்குவார். யார் இப்படிக் கையைப் போனிலேயே வைத்துக்கொண்டு இருப்பது? "அண்ணை, அங்க ஆரோ காத்துக்கொண்டு இருக்கினம்" என்றேன். "ஆசையில கண்டதையும் நினையாத, பிள்ளை" என்றார் அவர். ஆனால் அவருடைய குரலும் சரியில்லை.

நாலாம் முறை எடுத்து, தூக்கிய பிறகு நான் வைக்கவில்லை. குரல் கேட்காவிட்டாலும் அந்தக் கோலை வெட்ட மனம் வரவில்லை. "நான் இதை வைக்கமாட்டன். நீங்கள் மற்றப் போனில ரவரில இருக்கிற றியாசுக்கு எடுங்கோ, அவன்ர பக்கத்தில என்ன காட்டுதெண்டு கேளுங்கோ" என்றேன். றியாஸ் என்பவன் கிண்ணியாப் பொடியன், அந்தப் பக்கத்தைப் பொருத்தியவன், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாது, கெட்டிக்காரன். சிவபாலன் அண்ணை, அதே கேற்வேயால் போகிற பக்கத்துப் போனை எடுத்து நம்பரை அழுத்திவிட்டு, "ஹலோ, றியாஸ், ஹலோ கிண்ணியா!" என்று கத்தினார். பிறகு வாயைத் திறந்தபடி அப்படியே நின்றார்.

"என்ன அண்ணை?"

"தங்கச்சி... இதில றியாஸ் இல்லை. ஒரு குழந்தை அழுகுது."

"என்ன சொல்லுது?"

"'அப்பா, அம்மாக்கு ஆம்பிளைக் குரல் வந்திட்டுது' எண்டு சொல்லி அழுகுது."

ஐயோ என்ர ராசா! அவர் கையில் இருந்த போனை எப்படிப் பறித்தேன் என்று எனக்கே தெரியாது. "தம்பி! அம்மா தான்! அம்மா தான் கதைக்கிறன்!" நீ விக்கி விக்கி, "நீங்கள் ஏன் மாமா மாதிரிக் கதைச்சனீங்கள்?" என்று கோபமாகக் கேட்டாய். உயிரோடு இருக்கிற பிள்ளைக்குத்தான் கோபம் வரும். நான் போனோடு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். பிறகு அப்பாவின் குரல் வந்தது, எப்போதும் போல ஆறுதலாக: "இஞ்சாரும், நாங்கள் ரெண்டு பேரும் சுகமாத்தான் இருக்கிறம். அழாதையும். வேலை முடிஞ்சுதோ?" வேலை முடிந்துவிட்டதா என்று கேட்கிற மனுசனைப் பார்!

முடியவில்லை என்பதுதான் அப்போது எனக்கு உறைத்தது. நான் எடுத்தது முதல் நம்பருக்கு. அந்தக் குரல் என் போனில் வரவில்லை, பக்கத்தில் றியாசுக்கு எடுத்த போனில் வந்தது. அந்தப் பெட்டி லைன்களை மேலிருந்து கீழாகத்தான் ஒவ்வொன்றாக எடுக்கும். என் கோல் ஒரு லைன், அண்ணையின் கோல் அதற்கு ஒன்று கீழே. அதாவது அந்தப் பக்கத்துக் குரல்கள் எல்லாம் எங்கள் பக்கத்துக்கு ஒரு லைன் தள்ளி வந்து இறங்குகின்றன. லைன்களை ஒரு ஒழுங்கையில், ஒரு சின்னத் தெருவில், இருக்கிற வீடுகள் என்று நினை. தரகர்மார் இருவரும் "பத்தாம் வீடு" என்று சரியாகத்தான் பேசி முடித்திருக்கிறார்கள். ஒழுங்கையில் வீடுகளை எண்ணத் தொடங்கிய இடம்தான் வேறு. ஒருத்தர் மட்டும் கதைக்கும்போது அடுத்த லைன் வெறுமையாக இருக்கும், அதனால்தான் எனக்குக் கிணற்றுச் சத்தம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கதைத்தால்தான் குரல் ஆள் மாறிப் போய்ச் சேரும்.

ஏன் அப்படி வந்தது தெரியுமா? எங்கள் ஒபிசில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் புதுத் தொடர்பு வந்தாலும் முதலாவது லைன் எங்களுக்கு. சண்டைக்காலத்தில் கேபிள் அறுந்தால், இரண்டு பக்கத்து வேலையாட்களும் கதைத்துத் திருத்துவதற்கு ஒரு லைனாவது வேண்டும். அந்த லைனில் எத்தனை பேருடைய பிள்ளைப்பேற்றுச் செய்தி வந்திருக்கிறது, எத்தனை செத்தவீட்டுச் செய்தி வந்திருக்கிறது! அதனால் முதலாவதை ஒதுக்கிவிட்டு இரண்டாவதில் இருந்துதான் ஊர்ச் சனத்துக்கு ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குவோம். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை, கை தானாகவே அப்படிச் செய்யும். றியாஸ் புதுப் பொடியன். அவன் ஒழுங்கையின் முதல் வீட்டில் இருந்தே எண்ணியிருந்தான். அவன் செய்ததும் பிழையில்லை, நாங்கள் செய்ததும் பிழையில்லை.

றியாசிடம் சொல்லி மாற்றச்சொல்ல வழியில்லை, அவனுக்கு எடுத்தால் உன் அழுகைதான் வருகிறது. மாற்றினால் நாங்கள்தான் மாற்றவேண்டும், மாற்றினால் எங்கள் முதல் லைன் போய்விடும். அண்ணையைப் பார்த்தேன். அப்படி ஒதுக்கிவைத்த ஒரு லைனில்தான் அவருக்குப் பேத்தி பிறந்த செய்தி வந்தது, எனக்குத் தெரியும். அவர் ஜன்னலால் வாசலில் நின்ற சனத்தைப் பார்த்தார். "விடு, தங்கச்சி. எங்கட லைன் ஊருக்குப் போகட்டும்" என்றார். அதற்குப் பிறகுதான் கஷ்டமான பகுதி. மாற்றுவதற்கு எல்லா லைனையும் நிறுத்தவேண்டும். கையில் கிடைத்த உன்னை நானே வெட்டவேண்டும். "ராசா, அம்மா இப்ப வைக்கப்போறன். உடனே திருப்பி எடுப்பன்" என்றேன். "வைக்க வேண்டாம்" என்று நீ கத்தினாய். அப்பா போனை வாங்கி, "வையும். நாங்கள் இதில தான் இருக்கிறம், ஒரு இடமும் போகமாட்டம்" என்றார். கண்ணை மூடிக்கொண்டு வைத்தேன். வாழ்க்கையில் நான் வைத்த போன்களில் அதைப் போல ஒன்று இல்லை.

எங்கள் பக்கத்து எண்களை எல்லாம் ஒவ்வொரு இடம் முன்னுக்கு நகர்த்தினேன். விளக்குகள் அணைந்து, சிவப்பாகி, திரும்பப் பச்சையாகின. முதல் நம்பரை அழுத்தினேன். இந்த முறை என்னுடைய போனில், என்னுடைய காதுக்குள், உன் அப்பா: "ஹலோ, சொல்லும்." நான் சொன்னது எதுவும் ஞாபகம் இல்லை. கத்தினேன் என்று நினைக்கிறேன், ஏனென்றால் சென்றிப் பொடியன் துவக்கோடு ஓடி வந்தான். சிவபாலன் அண்ணை அவனைத் தாண்டி வாசலுக்கு ஓடி, "கிண்ணியா வந்திட்டுது! கிண்ணியா வந்திட்டுது!" என்று கூவினார். அந்த உடம்பு ஓடி நான் பார்த்தது அன்றைக்கு ஒருநாள்தான். அந்தப் பின்னேரம் முழுக்க எங்கள் ஒபிஸ் கலியாண வீடு மாதிரி இருந்தது. ஒவ்வொருவராக உள்ளே விட்டோம். அந்தப் பக்கத்தில் அப்பா கடை வாசலில் நின்று, பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த சனத்தைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வரிசைப்படுத்தினார், வாத்தியார் அல்லவா. இறக்கக்கண்டியில் இருந்து மகளைத் தேடி வந்த ஒரு மனுசன் போனைக் காதில் வைத்து, "ஓம்... ஓம்... ஓம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றார், கண்ணீர் தாடியால் வழிந்தது. எல்லோருக்கும் நல்ல செய்தி வந்தது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் வந்த ஒவ்வொரு குரலும் சரியான காதுக்குத்தான் வந்தது. அதைச் செய்தவள் உன் அம்மா. ஒப்பரேட்டர் இல்லை!

கொஞ்சக் காலம் கழித்துத் துறையடி திறந்து நீங்கள் இரண்டு பேரும் வந்து சேர்ந்தீர்கள். நீ கறுத்து மெலிந்து, செருப்பில்லாமல், வந்தவுடன் புட்டுக் கேட்டாய். வெருகலில் இருந்து கிண்ணியா வரைக்கும் அப்பா உன்னைத் தோளில் சுமந்து நடந்ததும், உழவு மெசினில் தொங்கி வந்ததும், ஆற்றை வள்ளத்தில் கடந்ததும் எல்லாம் அவர் உனக்குச் சொல்லட்டும். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான். மாமி குடும்பமும் மற்ற எல்லோரும் கந்தளாய்ப் பக்கம் போக, இவர் மட்டும் ஏன் உன்னையும் இழுத்துக்கொண்டு கிண்ணியாவுக்கு வந்து, அந்தக் கடைக்கதிரையில் நாள்தோறும் விடியவே வந்து குந்தினார்? கடைக்காரர் பாவம், தினமும் இரண்டு பேருக்கும் தேத்தண்ணி கொடுத்திருக்கிறார். "நீர் முதல் கோல் அந்த நம்பருக்குத் தான் எடுப்பன் எண்டு சொன்னனீர் எல்லோ?" என்றார். "நான் சொன்னதெல்லாம் உங்களுக்கு விளங்கினதோ?" என்று கேட்டேன். "ஒண்டும் விளங்கேல்லை. ஆனாக் கேட்டுக்கொண்டு தான் இருந்தனான்" என்றார்.

அதுதான் நான் உனக்குச் சொல்ல வந்தது. கலியாணத்துக்குப் பிறகு நீங்கள் இரண்டு பேரும் சண்டை பிடிப்பீர்கள், பிடிக்கத்தான் வேண்டும். அப்போது அவள் எங்கே இருந்து எண்ணத் தொடங்குகிறாள் என்று ஒருக்காப் பார், பாதிச் சண்டை அங்கேயே முடியும். மற்றபடி நகை, சேலை, மண்டபம் எல்லாம் எப்படியும் நடந்துவிடும். நான் உன் கலியாணத்துக்குக் கேட்கிற சீதனம் ஒன்றுதான்: இன்றைக்கு இரவு கௌசிகா போன் எடுக்கும்போது கிரிக்கெட்டை நிற்பாட்டு. கந்தளாய்த் தண்ணீரில் குளோரின் எப்படி இருந்தது என்று நீயாகவே கேள். நாளைக்கு எனக்கு எடுத்து அவள் சொன்னதைச் சொல்லவேண்டும், நான் சோதிப்பேன். விளங்காவிட்டால் பரவாயில்லை. நீ இன்றைக்கு மாப்பிள்ளையாக நிற்பது விளங்காத கதையைக் காது கொடுத்துக் கேட்ட ஒரு மனுசனால்தான்.

அவர் இப்போது குசினியில் இருந்து, பிளேன்ரீ போடவோ என்று கேட்கிறார். சீனி எங்கே இருக்கிறது என்று இன்றைக்கும் தெரியாது. போய் எடுத்துக் கொடுக்கிறேன்.

உன் அம்மா,
தொழில்நுட்ப உத்தியோகத்தர்